உப்புப் போட்ட பாதாம்

அன்புள்ள பெரியவளுக்கு,

நாலு மாதமாக உன்னிடம் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லவில்லை. நீ நன்றாயிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் தம்பியும் சுகம், அவன் ஈரத்துண்டை இன்னமும் கட்டில்மேல்தான் போடுகிறான். அப்பாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மாதாமாதம் நீ அனுப்பும் பாதாமையும் வால்நட்டையும் அப்பா தினம் ஒரு கைப்பிடி சாப்பிடுகிறார் என்று போனில் சொன்னேனே, அது பொய்யில்லை. ஆனால் முதல் வாரமே, மரத்துண்டைக் கடிக்கிற மாதிரி இருக்கு என்று டப்பாவைத் தள்ளிவிட்டார். நீ ஆசையாக அனுப்பியது வீணாகிறதே என்று எண்ணெயில் வறுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தேன். அன்றிலிருந்து டப்பா தானாகக் காலியாகிறது, உன்னிடம் அதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டது வேறு. இதையெல்லாம் தின்பவர்கள் நெடுநாள் வாழ்வது பாதாமாலா, ஏற்கெனவே உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்பதாலா என்று உன்னோடு வாதாடியவள் நான், புள்ளியியல் பாடம் நடத்துகிறவள் என்ற திமிர். பிஸ்கட்டுக்குப் பதில் தின்றால் கெட்ட கொழுப்பு கொஞ்சம் குறையும் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டேன். பாதாமை நம்பாததால் உப்பையும் பெரிதாக நினைக்கவில்லை போலிருக்கிறது. ரத்தக் கொதிப்பு உள்ள மனுஷனுக்கு அதைப் போய் உப்பில் புரட்டிக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் பிரஷர் எகிறிவிட்டது. பாதாம் சாப்பிட்டும் ஏம்மா குறையலே என்று நீ கேட்டபோது, வயசாகுதில்ல என்று மழுப்பினேன். மாத்திரையைக் கூட்டுவதா என்று டாக்டர் நாளைக்கு முடிவு செய்வார். அவரிடம் சொல்லியாக வேண்டும், அதற்கு முன்னால் உன்னிடம்.

வேளைக்குச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் இரு. என்மேல் உள்ள கோபத்தில் பார்சலை நிறுத்திவிடாதே.

அம்மா

மறுநாள் மாலை, கடிதத்தை ஒட்டுவதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதும், பொண்ணு பாதாம் அனுப்பறா, தினம் சாப்பிடறேன் என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். எண்ணெயில் வறுத்து, உப்புப் போட்டு என்று நான் சேர்த்துச் சொன்னேன். டாக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை, உப்பை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அப்பா வறுக்காத பாதாமில் பத்து எண்ணி எடுத்து, ஐந்தை என் உள்ளங்கையில் வைத்தார். போட்டுக்கொடுத்தவளும் தின்னணும் என்றார். ஐந்தையும் தின்றேன். மரத்துண்டு மாதிரிதான் இருக்கிறது.