ரீல் மாறிய மதியக் காட்சி

மார்ச் 3, திங்கள்

பழைய தியேட்டரின் கதையைப் புத்தகமாகப் போடப் போகிறார்களாம். பேனாவும் கையுமாக ஒருத்தி வந்து நின்றாள். “பாட்டி, உங்க வீட்டுக்காரர் அங்க உதவி ஆபரேட்டரா இருந்தாராமே?”

யார் சொன்னது இவளுக்கு? மருமகள் டீத் தட்டை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். சரிதான்.

மார்ச் 4

எழுதி வைக்கிறேன். பேனாக்காரி மாற்றி எழுதினால் நீட்டிக் காட்டலாம்.

முப்பத்தொன்பது வருஷம் ஆகிறது. மதியக் காட்சி. ஐந்தாம் ரீலுக்கு முன்னால் ஆறாம் ரீல் ஓடிவிட்டது. திரையில் அப்பாவைப் புதைத்துவிட்டு எல்லோரும் அழுகிறார்கள். அடுத்த ரீலில் அதே அப்பா கண்ணாடி முன்னால் சவரம் செய்கிறார். “யோவ், சொர்க்கத்துல பிளேடு கிடைக்கலையா?” என்று ஒருவன் கத்தினான். முதலில் சிரிப்பு. பிறகு நாற்காலிகள் உடைந்தன.

முதலாளி என் வீட்டுக்காரரை அன்றைக்கே வெளியே தள்ளினார். பெரிய ஆபரேட்டர் சோடாபுட்டி பக்கத்திலேயே நின்றான், வாய் திறக்கவில்லை. ரீல் டப்பாவை மாற்றி வைத்தது அவன்தான். அந்தக் கண்ணுக்கு எதிரே யானை நின்றாலும் தெரியாது. இவர் சாகும்வரை மூட்டை தூக்கினார். அப்புறம் ஒரு படம் பார்க்கவில்லை. இப்போது புத்தகத்திலும் இவர் தலையில்தானா? விடமாட்டேன்.

மார்ச் 6

மருமகள் போனில் குசுகுசு. நான் பக்கத்தில் போனதும், “சரி, அப்புறம் பேசறேன்.” யாரிடம்?

மார்ச் 9

மருமகளிடம் கேட்டே விட்டேன். “உங்க பல் டாக்டர்கிட்ட நாள் கேட்டேன், அத்தே. முன்னாடியே தெரிஞ்சா வரமாட்டீங்க” என்கிறாள். என் பல்லுக்கு எதற்கு ரகசியம்? நம்பவில்லை.

பேனாக்காரி சோடாபுட்டியைப் பார்த்துவிட்டு வந்தாள். எல்லாம் சொன்னானாம். அந்த மதியக் காட்சியை மட்டும், “அந்த அம்மாவையே கேளு” என்றானாம். என்ன திட்டம் போடுகிறான்?

மார்ச் 11

அவன் வீட்டுக்கே போனேன். மூன்றாவது மாடி. கூப்பிட்ட குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். “வா தங்கச்சி.”

தங்கச்சியாம்! “டப்பாவ மாத்தி வச்சது நீங்கதானே? இப்பவாவது சொல்லுங்க.”

“அன்னிக்கு படம் ஓட்டுற கேபினைக் கழுவினது யாரு?”

“நான்தான். தியேட்டரைப் பெருக்கிக் கழுவறது என் வேலை.”

“தரையெல்லாம் தண்ணி. டப்பாவையெல்லாம் பெஞ்சு மேல ஏத்தினது?”

ஓட்டை வாளி. டப்பாக்களை இரண்டு இரண்டாகத் தூக்கினேன். கை வந்தபடி அடுக்கினேன். எனக்கா மறக்கும்? ஆனால் இதையும் ரீல் மாறினதையும் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லையே—

அந்த இருட்டில் ஆபரேட்டர்கள் டப்பாவின் எண்ணைப் பார்க்கமாட்டார்கள். வரிசையில் அடுத்ததைக் கை எடுக்கும்.

“நீ அப்ப வயித்துப் பிள்ளைக்காரி. தெரிஞ்சா தாங்கமாட்டா, சொல்லிடாதீங்கன்னு உன் வீட்டுக்காரன் என் கையப் பிடிச்சுக்கிட்டான். நீ தெருவுல என்னைப் பார்த்துக் காறித் துப்பினப்பவும் நான் சொல்லல.”

மார்ச் 12

என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, மனுஷா? ஒரே ஒரு வார்த்தை?

மார்ச் 15

பேனாக்காரியை வரவழைத்தேன். “எழுதும்மா. டப்பாவை மாத்தி அடுக்கினவ உதவி ஆபரேட்டரோட பொண்டாட்டி. அவர் மேல தப்பில்ல.” கொஞ்சம் யோசித்து, “டப்பா நம்பரைப் பார்க்காம எடுத்தது மட்டும் தப்பு. அதையும் போடு” என்றேன். இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். சரியாகத்தான் எழுதியிருந்தாள்.

சாயங்காலம் மருமகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கியது. படியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே கதவு திறந்தது.

“யாரு, தங்கச்சியா? மெதுவா வா.”

“வர்றேண்ணே” என்றேன்.