இறால் வண்டிக்குப் போட்ட கையெழுத்து

நவம்பர் 14, வெள்ளி.

இறால் ஏற்ற நான் லீசுக்கு எடுத்திருந்த வண்டியின் காலம் முடிந்தது; அதைத் திரும்ப எடுத்துப்போக லீஸ் கம்பெனி ஆள் வந்தார். பின்கதவைத் திறந்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாம்மா, இந்த நாத்தத்துல எவன் இதை வாங்குவான்?"

தினமும் பினாயில் போட்டுக் கழுவிய வண்டி. எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க யாருக்கும் விக்க வேணாம். நானே வாங்கிக்கிறேன்" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

வண்டி ஓட்டும் என் மகன் பக்கத்தில்தான் நின்றான். இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீஞ்சூரில் தொழிற்சாலை வேலைக்குப் போகக் காத்திருந்தவன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாம்மா? மூக்கைப் பொத்துனது அந்தாளு, மாட்டிக்கினது நானு."

சாப்பிடாமல் படுத்துவிட்டான். சாவி என் மேசைமேல் இருக்கிறது. கொண்டுபோய் அவன் தலைமாட்டில் வைக்க மனம் வரவில்லை. விடியலில் படகுகள் இறாலோடு கரைக்கு வந்துவிடும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.