செழியனுக்குப் பால்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

அன்புள்ள அம்மாவுக்கு, கவிநிலா எழுதுவது.

அப்பாவுக்கு வலது கை கொஞ்சமாவது அசைகிறதா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

குழந்தை செழியனுக்கு மேலண்ணத்தில் பிளவு இருப்பதால் பாலை உறிஞ்ச முடியவில்லை என்று சொன்னேன் அல்லவா? பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் ஊட்டிவந்தேன். திங்கட்கிழமை கொஞ்சம் புரையேறிவிட்டது, அவ்வளவுதான். மூக்கு வழியாகப் பால் வந்து உதடு நீலமாகிவிட்டது. அவர் வேலைக்குப் போயிருந்தார். நான் கத்தியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு ரஹமத்துன்னிசா அக்கா ஓடிவந்து, அவனைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். அவன் அழுத பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலைங்க. ஆட்டோ வந்துடுச்சு, கிளம்புங்க" என்றார்.

இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோம். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். எடை ஏறினால்தான் ஆபரேஷன் என்கிறார் டாக்டர். எடையோ இறங்கிக்கொண்டிருக்கிறது. குழாயில் பால் இறங்கும்போது அவன் வெறும் வாயை அசைக்கிறான், அம்மா. அதைப் பார்க்க முடியாமல் விரலைக் கொடுக்கிறேன்.

அப்பாவை விட்டுவிட்டுத் தென்காசியிலிருந்து நீ வர வேண்டாம். அவனுக்குத் துணி போதவில்லை, உன் பழைய பருத்திப் புடவை இரண்டு அனுப்பு. கூடவே நீ உடுத்திய புடவை ஒன்றையும் துவைக்காமல் வை. அது எனக்கு.

நர்ஸ் பால் கேட்கிறார், போகிறேன்.

உன் கவி