நம்பர் கேட்க வந்த போன்

கோவில்பட்டி
28.10.2009

கனடாவில் இருக்கும் அன்பு மகன் ஹரிகிருஷ்ணனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அந்தக் குளிரில் நீ சுகமாய் இருக்கச் செண்பகவல்லி அம்மனை வேண்டிக்கொண்டிருக்கிறேன். மழை இந்தத் தடவை ஏமாற்றவில்லை, அப்பா உளுந்து விதைத்துவிட்டுக் கால் நிறையக் கரிசலோடு அடுப்படி வரைக்கும் வந்து நிற்கிறார், திருந்துகிற ஆள் இல்லை. இதையெல்லாம் போனில் சொல்லலாம் என்றால் நீ எங்கே விடுகிறாய். நீ அங்கே கம்ப்யூட்டரில் உன் பேங்க் கணக்கைத் திறந்தால், இங்கே விட்டுப்போன பழைய செல்போனுக்கு பேங்கிலிருந்து ரகசிய நம்பர் வரும், வந்ததும் கூப்பிடுவாய், எடுத்த உடனே "நம்பரைச் சொல்லும்மா" என்பாய். வீட்டுக்கு வந்தவரை நலம் விசாரிக்காமல் என்ன விஷயம் என்று கேட்டுப் பழக்கமில்லையே நமக்கு, நான் சாப்பிட்டியா, சளி விட்டுச்சா என்று ஆரம்பிப்பேன், அதற்குள் அந்த நம்பர் செல்லாமல் போய்விடும், நீ கத்துவாய். கத்தினால் என்ன, அடுத்த நம்பர் வரும்வரை லைனில் இருப்பாயே என்று எனக்குச் சந்தோஷம்தான்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு நம்பர் வந்தது. நீதான் கூப்பிடப்போகிறாய் என்று மாவுக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணி அடித்தது, யாரோ ஒரு தம்பி, பேங்க் என்றான். "நல்லா இருக்கீங்களாம்மா, சாப்பிட்டீங்களா, மகன் பக்கத்துல இல்லாம கஷ்டமா இருக்குமே" என்று அவ்வளவு தன்மையாக விசாரித்தான். பொய் சொல்வானேன், கேட்க ஆசையாக இருந்தது. என் முட்டுவலி முதல் உன் கல்யாணப் பேச்சு வரை சொல்லிவிட்டேன். கடைசியில்தான் அந்த நம்பரைக் கேட்டான். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பேங்க்காரனே கேட்டாலும் சொல்லாதே என்று நீ தலைப்பாடாய் அடித்துக்கொண்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "எம் மவன் கேட்டாத்தாம்யா சொல்லுவேன்" என்று வைத்துவிட்டேன். நீ குளிரில் கிடந்து சேர்த்தது என் வாயால் போயிருந்தால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்.

அப்பா உனக்குச் சொன்னதும், உன் பாஸ்வேர்டு அந்தத் திருடன் கையில் சிக்கியிருக்கிறது என்று அதை மாற்றிவிட்டாயாம், இனி நம்பர் உன் இ-மெயிலுக்கே வரும்படி செய்யப்போகிறாயாம், அம்மாவுக்குத் தொந்தரவு வேண்டாம் என்றாயாம். நல்ல காரியம், தள்ளிப்போடாமல் செய். எனக்கு எது தொந்தரவு என்று என்னிடம் கேட்டிருக்கலாம். வெந்நீரில் குளி, நேரத்துக்குச் சாப்பிடு, தீர்க்காயுசாய் இரு. இனி எதற்காக நீ கூப்பிடுவாய் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. காரணம் இல்லாமலே கூப்பிடு ராஜா.

உன் அம்மா,
ஆவுடைத்தாய்