மூன்றாவது ஓலை

மே 3, சனி

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அரை நாள் ஷிப்ட். நெமிலிச்சேரியில் ரயில் ஏறியதிலிருந்து அம்பத்தூர் வரை நின்றுகொண்டே.

வாங்க வேண்டியவை: ரவை, முந்திரி, அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை, தம்பிக்கு நண்டு. (எனக்கு நண்டு ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். அதைப் பற்றி இந்த வீட்டில் யாருக்கு என்ன.)

தம்பி அருள், சாமியாருக்குப் படிக்கிற செமினரியிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறான். வந்ததும் என் அறை அவனுக்கு. நான் ஹாலில், பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் பாய் விரித்து. அம்மா இப்போதே அவனை “வாங்க சாமி” என்கிறாள். பெற்ற பிள்ளையை! பிறந்தபோது மூச்சு நின்று பிழைத்தவன். அன்றைக்கே கோயிலுக்கு நேர்ந்துவிட்டாளாம்.

ஜூனில் அவனுக்குத் தியாக்கோன் பட்டம், சாமியார் ஆவதற்கு முந்தைய படி. அந்த வாசலைத் தாண்டினால் திரும்ப முடியாது. கல்யாணம், குடும்பம் எல்லாம் அத்தோடு சரி. குருப்பட்டம் அதன் பின்னால் வந்துவிடும். பட்டத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் பெயர் வாசிப்பார்கள், கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பது மாதிரியே. தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடியும். நாளை முதல் ஓலை.

கடமைப்பட்டிருக்கிறார்கள். எட்டு வருடமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருக்கிறேன்.

மே 4, ஞாயிறு

முதல் ஓலை. அம்மா பட்டுப்புடவை. கோயிலில் ஃபேன் ஓடியும் முதுகெல்லாம் வேர்வை. பெயர் வாசித்ததும் முன் வரிசை மொத்தமும் திரும்பி எங்களைப் பார்த்தது. நானும் சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பதில் நான் கைதேர்ந்தவள்.

எட்டு வருடம் முன்பு இதே மைக்கில்தான், எங்கள் கல்யாணத்துக்கு, என் பெயரையும் வி. பெயரையும் வாசித்தார்கள். (முழுப் பெயர் எழுத மாட்டேன்.) இரண்டு ஓலை முடிந்தது. மூன்றாவது வாசிக்கவே இல்லை. வி. தன் அம்மாவின் தொல்லை தாங்காமல் வேறு சபையின் ஜெப ஹாலுக்குப் போய், தண்ணீரில் மூழ்கி இன்னொரு ஞானஸ்நானம் வாங்கியிருந்தான். எங்கள் கோயிலில் அது சபையை விட்டே போனதற்குச் சமம். அதை எனக்கு மட்டும் சொன்னான். நான் அருளுக்கு மட்டும் சொன்னேன், தம்பிதானே என்று. அவன் அப்போது செமினரியில் முதல் வருடம், உலகத்தையே திருத்தப் பிறந்தவன் மாதிரி திரிந்த காலம். நேரே அப்போதைய பங்குச்சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டான். சாமியார் வி.யைக் கூப்பிட்டு, கோயிலில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேள் என்றார். வி.யின் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள், மகனையும் இழுத்துக்கொண்டு. அத்தோடு முடிந்தது.

ஏன்டா சொன்னாய் என்று கேட்டேன். “மனசாட்சி உறுத்துச்சுக்கா” என்றான். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அந்தக் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வி. இப்போது திருவேற்காட்டில். இரண்டு பிள்ளைகள். தொப்பை. எனக்கு முப்பத்தி நான்கு.

அருளைப் பற்றி எனக்குத் தெரிந்தவை:
– ப்ளஸ் டூவில் டியூஷன் பெண்ணுக்குக் கார்டு கொடுத்தது. (அவள் படிக்காமலே கிழித்துப் போட்டாள்.)
– ஜெபமாலை சொல்லும்போது தூக்கம். குறட்டையோடு.
– பொய். கணக்கே இல்லை.

இதெல்லாம் தடை ஆகாது. இன்னும் பலமாக ஏதாவது வேண்டும்.

மே 6, செவ்வாய்

கரண்ட் இரண்டு முறை போனது. மாவு புளித்துவிட்டது.

எனக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட், மத்தியானம்தான் கிளம்ப வேண்டும். அதனால்தான் கவனித்தேன். அருள் தினமும் காலையில் வெளியே போகிறான். அம்மாவிடம் “தனியா ஜெபம் பண்ணணும்மா” என்கிறான். நேற்று போட்ட சட்டையை இன்று தானே துவைத்துக் காயப்போடுகிறான். ஒரு ஸ்பூன் கழுவாதவன்!

அம்மா: “பாருடி, சாமி தன் துணியத் தானே தொவைக்குது. இன்னா தாழ்ச்சி, இன்னா பணிவு!”

தாழ்ச்சியாவது மண்ணாவது. இதில் ஒரு பெண் இருக்கிறாள். இருக்க வேண்டும், மாதாவே.

மே 8, வியாழன்

லீவு போட்டேன். தலைவலி என்று சொல்லி.

அவனைப் பின்தொடர்ந்தேன். ஆவடியில் பஸ் மாறினான். நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு கடைசி சீட்டில். கரையான்சாவடியில் இறங்கி, மெயின் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடைக்குள் போனான். எதிரே ஜூஸ் கடையில் உட்கார்ந்துகொண்டேன். பெண் யாரும் வரவில்லை. அருள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு ஒரு வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டான். கையெல்லாம் கிரீஸ். விசிலடிக்கிறான். அவன் விசிலடித்து எத்தனை வருடமாயிற்று என்று தெரியவில்லை.

கடை ரியாஸுடையது, இவனோடு பள்ளியில் படித்தவன். அருள் ஏதோ பார்ட் வாங்கப் போன நேரம், ரியாஸ் என்னைப் பார்த்துவிட்டான்.

“ஸ்டெல்லாக்காதானே? இன்னாக்கா, வெயில்ல இங்க வந்து குந்திகினு கீறீங்க?”

அருள் இங்கே என்ன செய்கிறான் என்று கேட்டேன்.

“லீவு வுட்டா இங்கதான் கீறான். நல்லா வேலை கத்துகினான்க்கா. சாமியார் வேலை எனுக்கு செட் ஆவாதுடான்றான். ரெண்டு வருசமா சொல்லிகினு கீறான். ஊட்ல சொல்லேன்டான்னா, அம்மா செத்துடும்ன்றான். நான் பாய் ஊட்டுப் பையன், இதுல இன்னாக்கா சொல்றது?”

வந்த கோபத்தில், இல்லை, சந்தோஷத்தில் ஒரு பலூடா வாங்கிச் சாப்பிட்டேன். மனமில்லாமல் பட்டம் வாங்கப் போகிறான். இதுதான் தடை. நிஜமான தடை. சாமியாரிடம் சொன்னால் அன்றைக்கே நிறுத்திவிடுவார்.

இப்போது சொல்ல மாட்டேன். எனக்கு எங்கே நின்றதோ, அவனுக்கும் அங்கேதான் நிற்க வேண்டும். இரண்டு முடிந்து, மூன்றாவதற்கு முன்.

மே 11, ஞாயிறு

இரண்டாம் ஓலை. அருள் பீடத்தில் தூபக்கலசத்தோடு நின்றான். நகக்கண்ணில் கறுப்பு. அது கிரீஸ் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம், வீடு வீடாகச் சுற்றும் மாதா சுரூபம் எங்கள் வீட்டுக்கு வந்தது. தெருவே வந்து ஜெபமாலை சொன்னது. அம்மா எல்லாருக்கும் பட்ட விருந்து மெனு சொன்னாள். ஒரு அம்மாள் என்னைக் கேட்டார், “நீயும் சிஸ்டராப் போயிருக்கலாமே?” பாயசம் ஊற்றினேன். தலையில் ஊற்றவில்லை, டம்ளரில்தான்.

செவ்வாய் சாமியாரைப் பார்க்கப் போகிறேன். என்ன பேசுவது என்று மனசுக்குள் நூறு முறை ஓட்டியாகிவிட்டது. முதல் வரி: “மனசாட்சி உறுத்துது ஃபாதர்.”

மே 13, செவ்வாய்

போகவில்லை.

காலையில் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அருள் வந்தான். ரியாஸ் சொல்லிவிட்டானாம்.

“அக்கா, தெரிஞ்சுபோச்சில்ல. நீயே ஃபாதர்கிட்ட சொல்லிடேன்.”

எனக்குப் புரியவில்லை. என்னடா என்றேன்.

“என்னால முடியலக்கா. மொதல்ல கடவுள் நெசமாவே கூப்பிட்ட மாதிரிதான் இருந்துச்சு. பொய் இல்ல. அப்புறம் ஒரு நாள் இல்லன்னு ஆயிடுச்சு. ஃபிரிட்ஜ் ஓடுறப்ப அந்தச் சத்தம் நமக்குத் தெரியாது, நின்னாத்தான் தெரியும். அப்பிடி.” கண் கலங்கியிருந்தது. அதுவரைக்கும்கூட எனக்கு ஏதோ மாதிரி ஆகத்தான் செய்தது. பிறகு அவன் சொன்னான்: “எப்பிடியும் எம்மேல உனக்குக் கோவம் இருக்கு. நீ சொன்னா எல்லாரும் நம்புவாங்க. அம்மா உன்னத் திட்டும். உனக்குத்தான் பழகிடுச்சே.”

பழகிடுச்சே!

ஈரத்துணி கையிலிருந்து விழுந்தது. எட்டு வருடம் தீட்டி வைத்த கத்தி. அதை எடுத்து இவனுக்கு வெங்காயம் நறுக்கித் தர வேண்டுமாம். என் பழிவாங்கலைக்கூட நான் இவனுக்குச் செய்கிற வேலையாக்கிவிட்டான்.

“நான் சொல்ல மாட்டேன்” என்றேன். “அன்னைக்கு உனக்கு வாய் இருந்துச்சில்ல? இன்னைக்கும் இருக்கு.”

இதைவிட நல்ல பழி எனக்குத் தோன்றவே இல்லையே இத்தனை நாள். சும்மா இருப்பது! ஒன்றுமே செய்யாமல் இருப்பது! அவன் போகட்டும். பீடத்தின் முன் குப்புற விழுந்து படுத்து, பட்டம் வாங்கி, ஆயுசு முழுக்க அங்கியோடு வேர்க்கட்டும்.

மே 15, வியாழன்

கம்பெனியில் ஆடிட். எரிச்சல்.

இப்போதைய பங்குச்சாமியார் காலையில் வீட்டுக்கு வந்தார். இளவயசு, புல்லட், நல்ல மனுஷர். அம்மா தோசையும் நண்டும் வைத்தாள். அவர் என்னைத் தனியாகப் பார்த்துக் கேட்டார்: “என்னம்மா ஸ்டெல்லா, தம்பி விஷயத்துல உனக்குச் சந்தோஷம்தானே?” பழைய கதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் அருள். மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

“ரொம்பச் சந்தோஷம் ஃபாதர். இன்னொரு நண்டு வைக்கட்டுமா?”

மே 18, ஞாயிறு

மூன்றாம் ஓலை.

“தடை ஏதும் தெரிந்தவர்கள்” என்று வந்ததும் அருள் என்னைப் பார்த்தான். அவ்வளவு பேர் நடுவில் என்னை மட்டும். நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, அடுத்த பாட்டு எத்தனையாம் நம்பர் என்று தேடினேன். சாமியார் ஒரு மூச்சு இழுத்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போனார், சனிக்கிழமை இரத்த தான முகாம்.

முடிந்தது. அம்மா கோயில் வாசலில் கேசரி கொடுத்தாள். நான் இரண்டு கப் தின்றேன். அருளுக்கு இறங்கவில்லை.

ஜெயித்தால் இப்படித்தான் இருக்குமா? வயிறு மட்டும் நிறைந்தது.

மே 19, திங்கள்

திடீர் மழை, பத்து நிமிஷம். இந்த வாரம் முதல் ஷிப்ட். நான்கரைக்கு வீடு திரும்பினால் வாசலிலேயே அம்மா, தலைவிரிகோலமாக.

“வந்துட்டியாடி! குளுந்துதா மனசு? எட்டு வருசமா வயித்துல வச்சிகினு இருந்து, போய்ச் சொல்லிட்டியேடி!”

சாமியார் வந்துவிட்டுப் போயிருக்கிறார். பட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம், காரணத்தைத் தான் சொல்வது முறையில்லை, அருளே சொல்வான் என்றாராம். அருள் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே முடிவு கட்டிவிட்டாள். யார் சொல்லியிருப்பார்கள்? ஸ்டெல்லாதான்.

அருள் அறை வாசலில் நின்றிருந்தான். முகம் வெளுத்து. நான் டிபன் பாக்ஸைக் கீழே வைத்தேன்.

“நான் சொல்லலம்மா. அவனைக் கேளு.”

பேசாமல் நின்றுவிடுவான் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. ஆனால் சொன்னான்.

“நான்தாம்மா காலையில போய்ச் சொன்னேன். எனக்குத் தேவ அழைத்தல் இல்லம்மா. அக்கா ஒண்ணுமே சொல்லல.”

அம்மா அவனையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்து, ஓவென்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“பாத்தியாடி! இப்பகூட உன்னக் காப்பாத்த, உம் பழியத் தன் தலைமேல போட்டுக்குது பாரு எம் புள்ள! இதுக்கா அழைத்தல் இல்ல? இவன் சாமியார் இல்ல, புனிதருடி!”

அருள் அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தான். “நீயாச்சும் சொல்லுக்கா.”

அவன் வாயைத் திறந்தான், அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி, என்னிடமிருந்து ஒரு வார்த்தை கிடைக்காது.

அறைக்குள் போய் அவன் பெட்டியைத் தூக்கி ஹாலில், பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் வைத்தேன். என் பாயை எடுத்து வந்து என் அறையில் போட்டுக்கொண்டேன். ஃபேன் ஐந்தில்.

வெளியே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். கம்ப்ரஸர், கேஸ், ரியாஸ் கடை என்று ஒவ்வொன்றாக. அம்மா அழுதுகொண்டே ஜெபம் சொல்கிறாள், இந்தப் பிள்ளையின் தாழ்ச்சிக்கு நன்றி என்று.