மூச்சுக் கேட்கிற தூரம்

15 யூன் 1976, செவ்வாய்

என்னோடு வேலை செய்யிற பீற்றர் லீவுக்கு வில்லும் அம்பும் கொண்டு மான் வேட்டைக்குப் போனவன். இன்று சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தக் கதைதான். துவக்கால் தூர நின்று சுடுறதில் ஒரு சுகமும் இல்லையாம். மூன்று மணித்தியாலம் ஊர்ந்து போய், மான் மூச்சு விடுறது கேட்கிற தூரத்தில் கிடந்தானாம். அதுதான் சந்தோசமாம்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அவ்வளவு கிட்டப் போனாப் பிறகு நீ வென்றிட்டாய்தானே. பிறகேன் அம்பு விட்டனீ?" என்று கேட்டேன்.

"விடாட்டி, கிட்டப் போனனான் எண்டு ஆர் நம்புவினம்?" என்று சிரிக்கிறான்.

மான் அம்போடு ஓடிவிட்டதாம். இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லையாம். காட்டுவதற்கு அவனிடம் ஒரு கொம்புகூட இல்லை. ஆனாலும் நாங்கள் எல்லாரும் நம்பினோம். அம்பு விடாமல் வந்து சொல்லியிருந்தாலும் நம்பியிருப்போமே, பாவி.