தேயிலைக்கு நடுவே தட்டைப்பயறு

என் பிரியத்துக்குரிய மச்சான்,

மலைத் தோட்டத்தில் இருந்தபோதே உங்களுக்குக் கோபம் வந்தால் கீழே எங்கள் கருமத்தம்பட்டி வரை கேட்கும். இப்போது அதைவிட உயரத்தில் இருக்கிறீர்கள். அதனால் நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன்: கீழ்ச்சரிவு துளிர்த்துவிட்டது!

இனி கோபம் வரக்கூடிய செய்தி. உங்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே அக்கா தட்டைப்பயறு விதைத்துவிட்டாள். ஆமாங்க, ஒரு களை முளைத்தாலே நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்களே, அதே இடத்தில்தான். சோறு போட்டுச் சாப்பிடலாம் போல அத்தனை சுத்தமாக வைத்திருந்தீர்கள். ஆனால் மழைக்கு மழை மேல்மண் சிவப்பாகக் கரைந்து ஓடையில் போனது. மிச்சம் மதுக்கரை சிமென்ட் பூசியது மாதிரி இறுகிவிட்டது. நீங்கள் யூரியா கொட்டியும் செடிகள் ஏறிட்டுப் பார்க்கவில்லையே?

நீங்கள் போனபின், ஓட்டல் கட்ட இடம் தேடி ஒருவர் நம் கீழ்க்கோத்தகிரித் தோட்டத்துக்கே வந்துவிட்டார். அக்கா அவரிடம் சொன்னாள்: "செடியை வெட்டிக் கவ்வாத்துப் பண்ணி ஒரு வருசம் பாக்கறனுங்க. கீழ்ச்சரிவு துளுக்கலீன்னா தோட்டத்தை உங்களுக்கே குடுத்தர்றேன்." எனக்கு நம்பிக்கை இல்லை. போன கவ்வாத்தில் செடிகளை வெட்டிவிட்டு, பாதி காய்ந்து நின்றதைப் பார்த்தவர்கள்தானே நாம்?

வெட்டிய செடிகளுக்கு நடுவே வெயில் விழுந்த இடத்தில்தான் அவள் பயறு போட்டாள். நான் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். விவசாயம் எனக்குத் தெரிவது இலையில் பரிமாறிய பிறகுதான். சும்மா இருக்க முடியுமா?

"ஏனக்கா, இனி டீயைத் தாளிச்சுத்தான் குடிக்கோணுமா?"

"மஞ்சக்காட்டுல தழையை மடக்கி உழுவறமல்லொ? இந்த மண்ணுக்கு மட்டும் வயிறில்லையாக்கும்? சரிவுல உழுதா மண்ணு எறங்கிப்போடும். பூ உடறப்ப அறுத்து, செடியடியில அப்படியே பரப்பிப்போடோணும். வாயை மூடீட்டு வெதையைத் தூவு கண்ணு."

தூவினேன். பயறு தரையே தெரியாமல் மூடியது. பூவும் விட்டது. வினையும் வந்தது.

தழை உரத்துக்கென்றே போடும் சணப்பையை மடக்கி உழ நம் சனத்துக்குக் கை வரும். தட்டைப்பயற்றைப் பூவோடு அறுக்க வருமா? வீட்டில் விதை இருக்கிறதே என்று அதைப் போட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. பீளமேட்டுச் சின்னம்மா எஸ்.டி.டி. பூத்திலிருந்து அலறினாள்: "கொஞ்ச நாள் பொறுத்தா பயறாச்சே அம்மணி! பூவுல அறுக்க உனக்கு எப்புடி மனசு வருது?" நான் சின்னம்மா கட்சி. குழம்புக்குக் கத்தரிக்காய்கூட வாங்கிவிட்டிருந்தேன்.

அக்காவுக்கும் மனசு வரவில்லை. காலையிலிருந்து அரிவாளும் கையுமாக நின்றாள். விட்டால் சத்தெல்லாம் காய்க்குப் போகும், தண்டு முற்றும், மண்ணுக்கு ஒன்றும் மிஞ்சாது. வெயில் ஏறியதும் குனிந்தாள்.

"நாம எப்ப வேண்ணாலும் திங்கலாம். இந்த வருசம் மண்ணு திங்கட்டும்."

நானும் அறுத்தேன் மச்சான். கண்ணில் தண்ணீர் வந்தது. கத்தரிக்காய்க்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மழையில் ஓடைத் தண்ணீர் சிவக்கவில்லை! தழை மக்கியபின் ஒதுக்கிப் பார்த்தால், கறுத்துப் பொலபொலவென்று மண்; அதற்குள் மண்புழு, கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி. காய்ந்துவிட்டதென்று நான் கைகழுவிய செடியில்கூடக் கொழுந்து. ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். என்னைக் கண்டால் இப்போது ஆட்கள் டீக்கடை மாறிப் போகிறார்கள்.

போன வாரம் ஓட்டல்காரர் வந்தார். பளபள ஷூவோடு நேரே சரிவில் இறங்கினார். அக்கா சத்தமே உயர்த்தவில்லை.

"ஏனுங்க, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. மண்ணு இப்பத்தான் மூச்சு உடுது. மிதிச்சுப்போடாதீங்க."

அவர் சுற்றிலும் துளிரைப் பார்த்துவிட்டுப் பாதைக்கு ஏறினார். அப்படியே காரிலும் ஏறிவிட்டார்.

அங்கே உங்களுக்கு மண் வாசம் எட்டுமா? மேல்சரிவு இன்னும் இறுகித்தான் கிடக்கிறது. அதற்கும் கவ்வாத்து வருகிறது. நடுவே விதைப்பது என் பொறுப்பு, இது சத்தியம். ஆனால் சணப்பைதான் போடுவேன். தின்ன முடிகிற எதையும் என்னை நம்பி விதைக்கக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரியின் தம்பி,
இனிமேல் உங்கள் தோட்டத்து ஆள்.